‘இருக்கட்டும்’ மாப்பிள்ளை காட்டுக்கு மூட்டை கட்டிய கதை

பள்ளிக்கூடத்துக்குள் நான் இருந்த காலம் கொஞ்சம்தான். ஆனால் இந்த ஊரில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் பாதிப் பேர் முதுகில் நான் தைத்த பைதான் தொங்குகிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சிலர் எழுதுவார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். மாடிப்படிக்குக் கீழே, குனிந்தால்தான் உட்கார முடியும் என்கிற இடத்தில், ஒரே ஒரு பழைய தையல் மெஷினோடு ஆரம்பித்தவன் நான். இன்றைக்கு என் பட்டறையில் நிமிர்ந்து நின்று கையை உயர்த்தினாலும் கூரை எட்டாது. என் பை கிழிந்துவிட்டது என்று இதுவரை ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை. ஜிப் போய்விட்டது என்று வந்திருக்கிறார்கள். ஜிப் நான் செய்வதில்லை.

என்னைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். இப்போது எழுத உட்கார்ந்தது என் தங்கையின் வீட்டுக்காரரைப் பற்றி.

அவருக்கு ஊரில் வைத்திருக்கிற பேர் ‘இருக்கட்டும்’. பக்கத்துத் தெருவில் பால் வாங்கக் கிளம்பினாலும் பையில் ஒரு சுத்தியலைப் போட்டுக்கொள்கிற மனிதர். “எதுக்கு மாப்ளே சுத்தி?” என்று கேட்டால், “இருக்கட்டும் மச்சான்” என்பார். அதற்குமேல் விளக்கம் வராது. கல்யாணத்தன்று மாலை போட்டுக்கொண்டு நின்றவர் சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. கட்டிப் பிடித்து வாழ்த்தியபோது என் நெஞ்சில் குத்தியதால் எனக்குத் தெரியும்.

வேலை, பஸ் டெப்போவில் ஸ்டோர் கீப்பர். அந்த ஸ்டோரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நீளமான அறை. கிரீஸும் ரப்பரும் கலந்த வாசனை. சுவர் முழுக்கத் தகர டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவின் வாயிலும் உள்ளே இருக்கிற சாமானில் ஒன்றை, நட்டோ வாஷரோ பல்போ, கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். படிக்கத் தெரியாதவனும் டப்பாவைப் பார்த்துச் சாமானைச் சொல்லிவிடலாம். முன்பக்கம் கம்பி வலை. வலையில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அந்த ஓட்டைக்குப் பின்னால்தான் மாப்பிள்ளை தன் வாழ்நாளை உட்கார்ந்து கழித்தார்.

அவர் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று. புதுச் சாமான் வேண்டுமா, பழசைக் கொண்டுவந்து கொடு. எரிந்த பல்பைக் கொடுத்தால் புது பல்பு. தேய்ந்த பெல்ட்டைக் கொடுத்தால் புது பெல்ட். வெறுங்கையை நீட்டினால் வலைக்குள்ளிருந்து ஒரே கேள்விதான் வரும்: “பழசு எங்கே?”

ஒரு தடவை டெப்போ மேனேஜரே தன் அறைக்கு பல்பு கேட்டு வந்திருக்கிறார். பழசை, அறை கூட்டுகிறவர் குப்பையில் போட்டுவிட்டார். மாப்பிள்ளை அசையவில்லை. “சார், பழசு எங்கே?” மேனேஜர் அன்றைக்குச் சாயங்காலம் ஜன்னல் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் யாரோ வீட்டிலிருந்து எரிந்துபோன பல்பு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டித்தான் புது பல்பு வாங்கினார்கள். இந்தக் கதையை மாப்பிள்ளை என்னிடம் சொன்னபோது, அவர் முகத்தில் நான் என் முதல் கடையைத் திறந்த அன்றைக்கு இருந்த பிரகாசம் இருந்தது.

ஆபீசில் இப்படி. வீட்டில் நேர்மாறு. வீட்டில் எதுவும் வெளியே போகாது, உள்ளே மட்டும்தான் வரும். என் தங்கை ஒரு அலமாரியைத் திறந்தால் மூன்று குடை அவள் காலில் விழும்.

அதனால் அவர்கள் எங்கேயும் போனதே இல்லை. ஒவ்வொரு முறையும் புறப்படுவார்கள். ஒவ்வொரு முறையும் மாப்பிள்ளைக்குக் கடைசி நிமிடத்தில் ஏதாவது ஞாபகம் வரும். ஒரு தடவை ரயிலில் என் தங்கை உட்கார்ந்துவிட்டாள். அவர் மட்டும் ஷூ லேஸ் உபரியாக ஒரு ஜோடி எடுத்து வர வீட்டுக்கு ஓடினார். லேஸோடு அவர் ஸ்டேஷனுக்கு வந்தபோது ரயில் இல்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அவள் திரும்பி வந்தாள். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அவளைப் பார்த்ததும் சொன்னாராம்: “நல்ல வேளை, லேஸ் கிடைச்சுடுச்சு.”

என் தங்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிற வேலை பார்த்தவள். அந்தச் சோதனை அறை ரொம்பக் குறுகல். எழுத்துப் பலகையை எதிர்ச் சுவரில் மாட்டினால் தூரம் போதாது. அதனால் பலகையை ஆளுக்குப் பின்னால் மாட்டி, எதிரில் முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்றை வைத்து, அதில் எழுத்தைக் காட்டித்தான் எல்லாருக்கும் தூரப் பார்வை சோதிப்பார்கள். வேலையை விட்ட அன்றைக்கு என் பட்டறைக்கு வந்தாள். தையல் மெஷின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னாள்.

“அண்ணே, இத்தனை வருஷம் தூரத்தையெல்லாம் கண்ணாடியிலதான் காட்டினேன். நிஜமாவே தூரத்துல இருக்கிற ஒண்ணை நான் பாக்கணும். மலை ஏறி நடக்கணும். மலைக்கு அந்தப் பக்கம் புல்வெளியில ஒட்டகச்சிவிங்கி வருமாமே, அதைப் பாக்கணும். ரெண்டு பேருக்கும் பதிவு பண்ணிட்டேன்.”

“மாப்ளேகிட்ட சொன்னியா?”

“சொன்னேன். உடனே பரண்ல ஏறிட்டார். இன்னும் இறங்கலே.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“இந்தத் தடவை நான் ரயில்லேர்ந்து இறங்கித் திரும்பி வர மாட்டேண்ணே. நேரத்துக்கு அவர் மூட்டையை முடிச்சா ரெண்டு பேரும் போறோம். முடிக்கலேன்னா நான் மட்டும் போறேன். ஒட்டகச்சிவிங்கிகிட்ட, அவர் ரொம்ப விசாரிச்சார்னு சொல்லிக்கிறேன்.”

சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். அது ஏற்கெனவே துடைத்த கண்ணாடி. இவள் தனியாகப் போனால் ஒட்டகச்சிவிங்கியைப் பார்ப்பாள், ஆனால் பக்கத்தில் திரும்பி “அதோ பாருங்க” என்று சொல்ல ஆள் இல்லாமல் பார்ப்பாள். அது எனக்குப் புரிந்தது.

பயண ஆபீசில் கொடுத்திருந்த தாளைக் காட்டினாள். நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். கெட்டியான பெட்டி கூடாது, துணிப் பைதான். சின்ன விமானம் என்பதால் ஆளுக்குப் பதினைந்து கிலோ, பையையும் சேர்த்து. மலைப் பாதையில் அவரவர் பையை அவரவரே சுமக்க வேண்டும். பளிச்சென்ற நிறம் வேண்டாம், மிருகங்கள் மிரளும்.

“துணிப் பை” என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் எனக்கு உடம்பில் புது ரத்தம் ஓடியது. உலகத்தில் எத்தனையோ பிரச்சினைக்கு என்னிடம் மருந்து கிடையாது. துணிப் பையால் தீருகிற பிரச்சினை வந்தால் என்னிடம்தான் வர வேண்டும்.

“கவலையை விடு. அளவா ஒரு பை தைக்கிறேன். பை சின்னதா இருந்தா சாமான் தானா குறையும்,” என்றேன்.

கித்தானிலேயே லேசான ரகம் எடுத்தேன். அடியில் மட்டும் இரட்டைத் துணி. தோளில் வெட்டாத அகல வார். இடுப்புக்கு ஒரு பட்டை. ஜோடியாக இரண்டு பை. காய்ந்த புல் நிறம். கொண்டுபோய்க் கொடுத்தபோது மாப்பிள்ளை பையைத் தலைகீழாகப் பிடித்து உதறி, தையலை விரலால் நீவிப் பார்த்து, “மச்சான், இது பை இல்லே, கோட்டை,” என்றார். ஆளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், நல்ல சாமானை அவருக்குத் தெரியும்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். கோட்டை நிரம்பி, கோட்டைக்கு வெளியேயும் ஜனம் குடியேறியிருந்தது. பை வாரில் கயிறு கட்டி, கயிற்றில் ஒரு வாளி, வாளிக்குள் ஒரு பூட்டு, பூட்டில் இரண்டு சாவி. கட்டில் முழுக்க இன்னொரு குவியல். அதன் உச்சியில் டெப்போவில் ராத்திரி வேலைக்காரர்கள் போடுகிற ஆரஞ்சு நிறச் சட்டை, மின்னுகிற பட்டையோடு.

“இது எதுக்கு மாப்ளே? பளிச்னு எதுவும் கூடாதுன்னு போட்டிருக்கே!”

“சிங்கம் தூரத்துலயே நம்மளைப் பாத்துட்டு ஒதுங்கிப் போகட்டும்.”

“பாத்து ஒதுங்கிறது பஸ் டிரைவர் மாப்ளே, சிங்கம் இல்லே!”

“இருக்கட்டும்.”

என் தங்கை வாசற்படியில் நின்று பார்த்தாள். சமையலறைக்குப் போய், தட்டு காய வைக்கிற கம்பி ஸ்டாண்டை எடுத்து வந்தாள். ஒரு முக்காலியைப் படுக்கையறை வாசலில் குறுக்கே போட்டு, அதன்மேல் அந்தக் கம்பி ஸ்டாண்டை நிமிர்த்தி வைத்தாள். மாப்பிள்ளையின் பையைத் தூக்கி, கட்டில் குவியலோடு சேர்த்து அறைக்கு வெளியே தரையில் கவிழ்த்தாள். பிறகு தானே, தாளில் போட்டிருந்தபடி, துணியும் மருந்தும் தண்ணீர் பாட்டிலும் ஒவ்வொன்றாக அடுக்கிப் பதினைந்து கிலோவுக்கு நிறைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஸ்டாண்டுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பை அவளுக்குப் பின்னால். மாப்பிள்ளை வெளியே.

“என்னம்மா இது?”

“ஸ்டோர். என்ன வேணும், சொல்லுங்க.”

“விளையாடாதே. இந்தா, இந்த டார்ச்சை உள்ளே வை.”

“பழசு எங்கே?”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“என்ன பழசு?”

“பை நிறைஞ்சிடுச்சுங்க. ஒண்ணு உள்ளே போகணும்னா ஒண்ணு வெளியே வரணும். எதை எடுக்கட்டும்? டார்ச்சுக்குப் பதிலா ஒரு பேன்ட்டை எடுக்கவா?”

“இதென்ன அநியாயம்?”

“நீங்க போட்ட விதிதான். மேனேஜரையே இருட்டுல உக்கார வெச்சீங்க. எனக்கு மட்டும் மாத்துவீங்களா?”

அந்த இடத்தில்தான் மனிதர் விழுந்தார். வேறு எந்த நியாயம் சொல்லியிருந்தாலும் அவர் எதிர்த்துப் பேசியிருப்பார். தன் விதியை எதிர்த்துப் பேச அவருக்கு வாய் வரவில்லை. கம்பி ஸ்டாண்டுக்கு வெளியே, வாழ்நாள் முழுக்க அவருக்கு எதிரே நின்றவர்கள் எப்படி நின்றார்களோ, அப்படியே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“சரி, பேன்ட்டை எடு.”

டார்ச் உள்ளே போனது. பேன்ட் வெளியே வந்தது. பூட்டு உள்ளே போனது. துண்டு வெளியே வந்தது. கயிறு போனது. இரண்டு சட்டை வந்தது. கொஞ்ச நேரத்தில் என் தங்கை பையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“இப்படியே போனா சிங்கத்துக்கு முன்னாடி பூட்டை மட்டும் கட்டிக்கிட்டுத்தான் நிக்கணும். பரவாயில்லையா?”

மாப்பிள்ளை யோசித்தார். பூட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். துண்டு உள்ளே போனது. கயிறும் வெளியே வந்தது. ஆரஞ்சுச் சட்டைக்காக மட்டும் ரொம்ப நேரம் வாதாடினார். அதற்கு ஈடாக அவள் மழைக் கோட்டைக் கேட்டாள், அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் காதை மூடுகிற கம்பளிக் குல்லாய் ஒன்றுதான் பாக்கி. மலையில் குளிர்ந்தால் அவருக்குக் காது வலிக்கும். கொடுக்கப் பழசு ஒன்றும் மிச்சமில்லை.

என் தங்கை அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்த் தன் பையைத் திறந்து, உபரியாக வைத்திருந்த மூக்குக் கண்ணாடியைக் கூட்டோடு எடுத்து மேசையில் வைத்தாள். குல்லாயைத் தன் பையில் சொருகினாள்.

“இது என் கணக்கு. எனக்கு ஒரு கண்ணாடி போதும். ஸ்டோர் மூடியாச்சு.”

பை அளவாக முடிந்தது. நானும் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் பட்டறைக்கு மாப்பிள்ளை வந்தார். முகம் தொங்கியிருந்தது. வெட்டுகிற மேசையில் கிடந்த துணியைத் தடவிக்கொண்டே பேச்சைத் தொடங்கினார்.

“மச்சான், பைக்குத்தானே பதினைஞ்சு கிலோ?”

“பைக்குத்தான்.”

“போட்டுக்கிற கோட்டுக்கு எதுவும் சொல்லலையே?”

நான் அந்தத் தாளை மனதில் ஓட்டிப் பார்த்தேன். கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“சொல்லலே.”

“ஒரு கோட்டு தைச்சுக் குடுங்க. வெளியே சாதாரணமா இருக்கணும். உள்ளே பாக்கெட் வேணும். நிறைய.”

“தங்கச்சிக்குத் தெரிஞ்சா என்னைத் தைச்சிடுவா மாப்ளே. வேணாம்.”

“அதுவும் சரிதான். இவ்ளோ பாக்கெட் வெச்சா தொங்கும், தோள் பிஞ்சிடும். உங்களால முடியாதுதான். மார்க்கெட் பக்கத்துல புதுசா ஒருத்தர் கடை போட்டிருக்காராம், அவர்கிட்ட…”

“உக்காருங்க மாப்ளே,” என்றேன்.

தைத்தேன். எப்படித் தைத்தேன் என்று கேளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் நாலே பாக்கெட். உள்ளே எத்தனை என்று தைத்த எனக்கே எண்ணினால்தான் தெரியும். பாக்கெட்டுக்குள் பாக்கெட், முதுகில் பாக்கெட், கைக்கு அடியில் பாக்கெட். பாரம் ஒரு இடத்தில் இழுக்காமல் இருக்க, மலையேறுகிறவன் பைக்குப் போடுகிற நாடாவைத் தோள் தையலுக்குள் மறைத்து ஓட்டினேன். கோட்டு வரலாற்றில் இப்படி ஒன்றை யாரும் செய்திருக்க மாட்டார்கள். செய்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது.

புறப்படுகிற அன்று பட்டறை வேனில் நானே அவர்களைச் சின்ன விமான நிலையத்துக்கு அழைத்துப் போனேன். மாப்பிள்ளை நேரத்துக்கு முன்பே வாசலில் தயாராக நின்றார். என் தங்கைக்கு ஆச்சரியம். வேனில் நடுவில் அவள், ஓரத்தில் அவர். நல்ல வெயில்.

“ஏங்க, ஏன் இவ்ளோ விறைப்பா உக்காந்திருக்கீங்க?”

“குளிருது.”

“வேர்க்குதே?”

“உள்ளே குளிருது.”

நான் பாதையைப் பார்த்து ஓட்டினேன். அவர் திரும்பும்போதெல்லாம் லேசாக ஒரு கிணுகிணுப்புக் கேட்டது. நான் ரேடியோவைப் போட்டேன்.

அந்த விமான நிலையம் ஒரே ஒரு அறை. ஒரு பெஞ்சு, ஒரு மின்விசிறி, மூட்டை நிறுக்கிற பெரிய எடை மெஷின் ஒன்று. வெளியே புல் தரையில் விமானம் நின்றது. என் வேனைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதை ஓட்டப்போகிற பெண்ணேதான் எடையும் பார்த்தாள். குட்டை முடி, கறுப்புக் கண்ணாடி, கறார் பேச்சு. என் தங்கையின் பையை வைத்தாள். சரி. மாப்பிள்ளையின் பையை வைத்தாள். சரி. மாப்பிள்ளை என்னைப் பார்த்து மெல்லக் கண்ணைச் சிமிட்டினார்.

“இப்ப நீங்க ஏறுங்க ஐயா,” என்றாள்.

“விமானத்துலயா?”

“மெஷின்ல.”

“நானா? நான் என்ன சாமானா?”

“சின்ன விமானம் ஐயா. ஆளையும் நிறுத்துத்தான் ஏத்துவோம்.”

மாப்பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தார். இத்தனை வருஷம் சாமானை எண்ணி வைத்தவர் அவர், பை தைத்துப் பேர் வாங்கியவன் நான். இரண்டு பேருக்குமே ஆளையும் நிறுப்பார்கள் என்று தோன்றவில்லை. என்ன செய்ய, எங்கள் தொழில் அப்படி. பைக்கு வெளியே இருப்பது எங்கள் கணக்கில் வராது.

முதலில் என் தங்கை ஏறி இறங்கினாள். பிறகு மாப்பிள்ளை, படி ஏறுகிறவர்போல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். முள் ஓடியது. நிற்கிற மாதிரி போய் மறுபடி ஓடியது. அந்தப் பெண் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“பதிவு பண்ணினப்ப உங்க வீட்டம்மா வேற எடை குடுத்திருக்காங்களே?”

“நேத்து ராத்திரி கொஞ்சம் ஜாஸ்தியா சாப்பிட்டுட்டேன்.”

“என்ன சாப்பிட்டீங்க, இரும்பா? இவ்ளோ எடையோட கிளம்ப முடியாது. ஒண்ணு சாமான் இறங்கணும், இல்லே நீங்க இறங்கணும். சீக்கிரம் சொல்லுங்க, காத்து மாறுறதுக்குள்ள நான் கிளம்பணும்.”

என் தங்கை எழுந்து வந்தாள். கோட்டின் ஓரத்தைப் பிடித்து விலக்கி உள்ளே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அண்ணே. இது யார் தைச்சது?”

“தையலைப் பாத்தாலே தெரியுமே,” என்றேன். வேறு என்ன சொல்ல? என் வேலையை இன்னொருத்தன் பேரில் போட எனக்கு மனசு வராது.

“கழட்டுங்க,” என்றாள் அவரிடம்.

அவர் கழற்றவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பெஞ்சில் வைத்தார். டார்ச். இன்னொரு டார்ச். பூட்டு. மாத்திரை டப்பாவில் ரகம் ரகமாக ஃப்யூஸ். ஹோஸ் மாட்டுகிற வளையங்கள். பல்பு. ஸ்பேனர்கள். முதுகுப் பக்கத்திலிருந்து மடித்த ஆரஞ்சுச் சட்டை. கடைசியில் கோட்டைத் தூக்கி, இடுப்பில் சுற்றியிருந்த ஃபேன் பெல்ட்டை உருவினார்.

“எனக்குப் புரியலே,” என்றாள் விமானம் ஓட்டுகிற பெண். “நீங்க மிருகம் பாக்கப் போறீங்களா, கடை போடப் போறீங்களா?”

“அங்க ஜீப்புல கூட்டிட்டுப் போவாங்கம்மா. ஜீப் நின்னுடுச்சுன்னா?”

“நிக்காதுய்யா. தினமும் ஓடுற ஜீப்.”

“அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க.” மாப்பிள்ளை பெஞ்சில் இருந்த ஸ்பேனர் ஒன்றை நேராக்கி வைத்தார். “நான் இத்தனை வருஷம் ஸ்டோர்ல உக்காந்திருந்தேன். நின்னு போன பஸ்ஸைப் பத்தித்தான் என்கிட்ட வந்து சொல்லுவாங்க. நல்லா ஓடுற பஸ்ஸைப் பத்தி ஒருத்தர்கூட வந்து சொன்னதில்லே. அது நின்னு, முன்னாடி ஒரு சிங்கமும் நின்னு, இவளும் உள்ளே இருந்தா, நான் கையை விரிச்சுக்கிட்டா உக்காந்திருக்க முடியும்?”

வெளியே விமானத்தின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையை யாரோ உருவுகிற சத்தம் கேட்டது. என் தங்கை அவர் பக்கத்தில், மெஷின் ஓரமாகவே உட்கார்ந்தாள்.

“அதுக்குத்தாங்க உங்களைக் கூப்பிடறேன். ஒரு தடவை ஓடுறதைப் பாருங்க. பாத்துட்டு வந்து யார்கிட்டயாவது சொல்லுங்க.”

அவர் பெஞ்சில் இருந்த சாமானையே பார்த்தார். ரயிலை விட்டுவிட்டு லேஸோடு நின்ற மனிதர். இப்போதும் அப்படியே நின்றுவிடுவாரோ என்று பயந்தேன். அந்தப் பெண் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தாள். என் தங்கை எழுந்து தன் பையை முதுகில் மாட்டி, இடுப்புப் பட்டையைப் பூட்டினாள். பூட்டுகிற ‘டக்’ சத்தம் கேட்டதும் மாப்பிள்ளை கோட்டைக் கழற்றினார். கழற்றி, மடித்து, என் கையில் வைத்தார்.

“எண்ணி வாங்கிக்குங்க மச்சான். எது எந்தப் பாக்கெட்ல இருந்துச்சோ அங்கயே வெச்சிடுங்க.”

“வெக்கிறேன் மாப்ளே.”

கோட்டுக்குக் கீழே சட்டைப் பையில் இன்னும் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. என் தங்கை கையை நீட்டினாள். அவர் தயங்கி எடுத்துக் கொடுத்தார். அவள் மேசையில் விட்டுவந்த மூக்குக் கண்ணாடிக் கூடு.

“தூரத்துல ஒண்ணைப் பாக்கப் போறே. இருக்கிற ஒரு கண்ணாடியும் உடைஞ்சா என்ன பண்ணுவே?” என்றார். பிறகு, எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ, அவளைப் பார்த்து ஸ்டோர் குரலில் கேட்டார்: “இது புதுசு. பழசு எங்கே?”

என் தங்கை அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“பழசு இதோ நிக்குதே. இதைத்தான் கூடவே கூட்டிட்டுப் போறேன்.”

விமானம் ஓட்டுகிற பெண் சிரித்துவிட்டாள். அவரை மறுபடி மெஷினில் ஏற்றினாள். முள் ஒழுங்காக நின்றது. “ஏறுங்க, ஏறுங்க,” என்று விரட்டினாள். மாப்பிள்ளை படியில் ஒரு முறை திரும்பினார். ஏதோ ஞாபகம் வந்தவர்போல் வாயைத் திறந்தார். என் தங்கை முதுகில் கையை வைத்து உள்ளே தள்ளினாள். கதவு மூடிக்கொண்டது.

திரும்பும்போது பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, ஊற்றுகிற மழை. வைப்பர் இரண்டு தடவை ஆடிவிட்டு நடுக் கண்ணாடியில் நின்றது. வேனை ஓரம் கட்டினேன். எனக்கு மெஷின் தெரியும். தையல் மெஷின். வேனுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு என்ன தெரியும்? ஆனால் ஃப்யூஸ் பெட்டி எங்கே இருக்கிறது என்று மாப்பிள்ளை ஒரு தடவை காட்டியிருந்தார். திறந்து பார்த்தால் ஒன்று கருகியிருந்தது.

பக்கத்து சீட்டில் கோட்டு உட்கார்ந்திருந்தது. இடதுபுறம், உள்ளே, கைக்கு அடியில் மூன்றாவது பாக்கெட். மாத்திரை டப்பா. கருகியதோடு ஒட்டி வைத்துப் பார்த்து, அதே நிறத்தில் ஒன்றை எடுத்துச் செருகினேன். வைப்பர் ஆடியது. கருகியதை ஜன்னல் வழியாக வீசக் கையை ஓங்கிவிட்டு, நிறுத்தினேன். டப்பாவில், புதுசு இருந்த அதே குழியில், அதை வைத்து மூடினேன்.

அவர்கள் திரும்பி வந்தபோது நான்தான் போய் அழைத்து வந்தேன். இரண்டு பேரும் வெயிலில் கறுத்து, புழுதியில் சிவந்திருந்தார்கள். பைகள் அழுக்கு. தையல் ஒன்றுகூட விடவில்லை, பார்த்துக்கொண்டேன். என் தங்கை வேனில் ஏறியதிலிருந்து வாய் மூடவில்லை.

“தூரத்துல ஒரு மரம் நகருதுண்ணே! மரம் எப்படி நகரும்னு பாத்தா, அது ஒட்டகச்சிவிங்கி! இவர்தான் முதல்ல பாத்தார். ‘அதோ பாரு, அதோ பாரு’ன்னு கத்தினதுல அது ஓடியே போச்சு!”

“அப்புறம் திரும்பி வந்துச்சுல்ல,” என்றார் மாப்பிள்ளை. பிறகு என் பக்கம் சாய்ந்து, அதிசயத்தைச் சொல்கிற குரலில் சொன்னார்: “மச்சான், அந்த ஜீப்! பள்ளம், மேடு, சேறு, ஒண்ணையும் விடலே. ஒரு தடவைகூட நிக்கலே. நல்லா ஓடுச்சு மச்சான்!”

அதை வீடு வருவதற்குள் மூன்று தடவை சொன்னார். நான் மூன்று தடவையும் முதல் தடவை கேட்பதுபோல் கேட்டேன்.

வீட்டு வாசலில் வேனை நிறுத்தியதும், “கோட்டு?” என்றார். சீட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பாக்கெட்டாகத் தடவினார். மாத்திரை டப்பாவைத் திறந்தார். கருகிய ஃப்யூஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“வைப்பரா?”

“வைப்பர்தான்.”

“மழையா?”

“கொட்டுச்சு.”

மேனேஜர் கதையைச் சொல்லும்போது வருகிற அந்தப் பிரகாசம் அவர் முகத்தில் ஏறியது. பின்னாலிருந்து என் தங்கை எட்டிப் பார்த்தாள்.

“அதான் எரிஞ்சு போச்சே, இன்னும் ஏன் வெச்சிருக்கீங்க? தூக்கிப் போடுங்க.”

“இருக்கட்டும்,” என்றேன் நான்.